பதினேழாம் தேதிப் பை

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. ஆங், போதும் போதும். நான் ஒண்ணும் பெருத்த ஆளு இல்ல, இந்தப் பைதான் எடம் கேக்குது. மேல வைக்கவா? ஐயோ, வேணாம். எவனாவது வந்து அரிசி மூட்டையத் தூக்கி அது மேல போட்டான்னா அம்புட்டுதான், தொவையலுக்குக்கூட ஆகாது. மடியிலயே இருக்கட்டும். காளானும்மா. சிப்பிக்காளான். விடியக்காலையில பறிச்சது.

நீ எதுவரைக்கும்? பெரியகுளமா? நான் தேவதானப்பட்டி. உனக்கு முன்னாடியே எறங்கிருவேன். இந்தா, குங்குமம் எடுத்துக்க. அபிராமி அம்மன் கோயிலுக்குப் போயிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். எடுத்துக்கம்மா... வேணாமா? இன்னைக்கு வேணாமா? ஓ. சரி சரி, புரிஞ்சுச்சு. இருக்கட்டும். இரு, இந்தப் பையை மட்டும் இந்தப் பக்கம் மாத்தி வச்சுக்கிறேன். ஒண்ணுமில்ல, உன் பக்கம் வெயிலு அடிக்குது, அதான். ஏப்பா, பாத்துப் போ! கால வச்சு இடிக்கிற! காளான் இருக்கு!

கடையில வாங்குனதான்னா கேக்குற? கடையில வாங்குனதை எவளாவது கைப்புள்ள மாதிரி மடியில வச்சுக்கிட்டுப் போவாளா? எங்க வீட்ல வளந்தது. நீங்க வளத்ததான்னு மட்டும் கேட்டுறாத. அதுக்குப் பதில் சொல்லணும்னா வத்தலக்குண்டு தாண்டிரும்.

உனக்கும் வளக்கணும்னு ஆசையா? ஆத்தாடி. சொல்லித் தாரேன், கேட்டுக்க. நான் சர்ட்டிபிகேட் வாங்குன ஆளு. ஆனா ஒண்ணு, எங்கிட்டக் கத்துக்கிட்டா காளான் வருமான்னு தெரியாது, வீட்ல சண்டை நிச்சயமா வரும்.

எம் பேரு தவமணி. திண்டுக்கல்லு நாகல்நகர்ல வீடு. வீட்டுக்காரரு பூட்டுப் பட்டறையில முப்பது வருசமா வேலை பாக்குறாரு. ஒரே மகன், கதிரேசன். செல்போன் டவர்ல ஏறி எறங்குற வேலை. அவனுக்குக் கட்டி வச்ச புள்ள பேரு ரஞ்சனி, தேவதானப்பட்டிதான் அவ ஊரு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. நாலே பேருதான் நாங்க. இப்ப ஒரு மாசமா மூணு பேரு. அதுக்குத்தான் இந்தப் பயணம்.

ஐப்பசி மாசம் எங்க மகளிர் குழுவுல ஒரு நாள் பயிற்சின்னு கூப்பிட்டாங்க. வீட்டுலயே காளான் வளக்கலாம், பயிற்சி இலவசம், மத்தியானச் சாப்பாடும் உண்டுன்னாங்க. நான் சாப்பாட்டுக்குத்தான் போனேன், பொய் சொல்லுவானேன். அங்க நசீமா மேடம்னு ஒருத்தங்க பாடம் எடுத்தாங்க. தங்கமான பொம்பள. வைக்கோலை ரெண்டு விரக்கடை நீளத்துக்கு வெட்டணும். ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போடணும். மறுநாள் ஒரு மணி நேரம் வேக வச்சு, நெழல்ல ஒலத்தணும். கையில அள்ளிப் புழிஞ்சா ஈரம் தெரியணும், தண்ணி சொட்டக் கூடாது. அப்பறம் பாலிதீன் பையில ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்துல சுத்தி வித்து. வித்துன்னா வெதை இல்ல, சோளத்துல காளானைப் படர விட்டு பாக்கெட்ல விக்கிறாங்க. மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. வாயைக் கட்டி, பத்து ஓட்டை போட்டு, இருட்டு ரூம்ல தொங்க விட்டா இருபது நாள்ல பை பூரா பஞ்சு மாதிரி வெள்ளையாப் படரும். அப்பறம் ஈரம் காட்டிக்கிட்டே இருந்தா ஓட்டை வழியா மொட்டு எட்டிப் பாக்கும். அடப்பாவமே, இட்லி மாவு ஆட்டுறதவிடச் சுளுவா இருக்கேன்னு நெனச்சேன்.

அந்த மேடம் ஒண்ணை மட்டும் ஏழெட்டுத் தடவ சொன்னாங்க. சுத்தம், சுத்தம், சுத்தம். கைய சோப்புப் போட்டுக் கழுவாம உள்ள போகாதீங்க, சுத்தமில்லாம தொட்டா அம்புட்டும் வீணாப் போகும்னாங்க. எனக்கு அதைக் கேட்டதும் ஒரு பூரிப்பு. ஏன்னா சுத்தத்துல இந்தத் தவமணி யாருக்கும் எளச்சவ இல்ல. எங்க தெருவுல கேட்டுப் பாரு, சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க, ஆனா சொல்லுவாங்க.

சாயங்காலம் ஆளுக்கொரு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. பத்தாங்கிளாஸ் பெயிலானவளுக்கு அது பெரிய சமாச்சாரம் தாயி. அதை லேமினேசன் பண்ணிக் கொண்டாந்து மாட்ட ஆணி தேடுனா, ஆணி இல்ல. எங்க கல்யாண போட்டோவைக் கழட்டிட்டு அந்த ஆணியில மாட்டுனேன். வீட்டுக்காரரு வந்து ரெண்டு நிமிசம் அண்ணாந்து பாத்துட்டு, "அப்ப நான் இனிமே பீரோ மேலயா?"ன்னாரு. ஆமா, இன்னமும் பீரோ மேலதான் கெடக்காரு.

பின்னாடி வெங்காயம் போட்டு வைக்கிற சின்ன ரூமைக் காலி பண்ணுனேன். ஜன்னலுக்குச் சாக்கு. தரையில ஆத்து மணல். உத்தரத்துல கயிறு. வைக்கோல் வெட்டிக் குடுத்தது, கயிறு கட்டுனது, பைக்குப் பை தேதி எழுதுனது எல்லாம் ரஞ்சனிதான். தேதி எழுதணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க, நான் மறந்துட்டேன். அந்தப் புள்ள என் நோட்டைப் படிச்சுப் பாத்துட்டு எழுதுச்சு. பி.எஸ்சி. படிச்ச புள்ள. ஆனா அவ சொல்லி நான் செய்யிறதாவது? சர்ட்டிபிகேட்ல யாரு பேரு இருக்கு?

சுத்தம்னு சொன்னாங்கள்ல. நமக்குச் சுத்தம்னா என்ன? நீயே சொல்லு. புது வீடா, புதுப் பானையா, புதுத் துணியா, மொதல்ல எதை வைப்போம்? மஞ்சள்தான! வைக்கோல் ஊறப் போட்ட தண்ணியில ரெண்டு கைப்பிடி மஞ்சத்தூளை அள்ளிப் போட்டேன். கடை மஞ்சள்கூட இல்ல, வெரலி மஞ்சள் வாங்கி நானே காயப் போட்டு மில்லுல குடுத்து அரைச்சது. ரூமு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சேன். நெலைக்கு மஞ்சள். அதுக்கும் மேல, பையைக் கட்டுறதுக்கு முன்னாடி உள்ளயும் ஒரு கை தூவுனேன், பொங்கப்பானைக்குக் கொத்து கட்டுற மாதிரி பக்தியா. ரஞ்சனி, "அத்தை, நோட்ல மஞ்சள்னு எங்கயும் இல்லையே"ன்னா. "உப்புப் போட்டுச் சமைக்கணும்னு எந்தப் பொஸ்தகத்துல தாயி எழுதியிருக்கு"ன்னு கேட்டேன். அவ பை மேல தேதி எழுதப் போயிட்டா. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

ஆறு பை. பத்து நாள் ஆச்சு, பதினஞ்சு நாள் ஆச்சு, சோளம் போட்டது போட்டபடி குந்தியிருக்கு. இருபது நாள்ல ஒரு நாத்தம் வந்துச்சு பாரு, வெங்காய ரூமே தேவலைன்னு ஆயிருச்சு. குப்பையில கொட்டுனேன்.

என்ன நெனச்சேன் தெரியுமா? சுத்தம் பத்தல! ரெண்டாந்தடவ பன்னெண்டு பை, நாலு கைப்பிடி மஞ்சள். போதாததுக்கு வேப்பெலையை அவிச்சு ஊத்துனேன். செவ்வாயும் வெள்ளியும் சாம்பிராணி. புகை மூட்டத்துல எனக்கே மூச்சு முட்டுச்சு, அந்தச் சின்ன வித்து என்ன பாடு பட்டுச்சோ! அதுவும் படரல. வித்து வித்தவன் ஏமாத்திட்டான்னு அவன்கிட்டப் போயி மல்லுக்கு நின்னேன். அவன் பாவம், அதே பாக்கெட்ல வாங்கிட்டுப் போன நாலு பேருக்கு வந்துருக்கேம்மான்னான். எதிர் வீட்டுக்காரி கண்ணுன்னு எலுமிச்சம்பழம் கட்டுனேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். எனக்குக் கூடம், மாடம், எதிர் வீடு எல்லாமே கோணலாத் தெரிஞ்சுச்சு.

செம்பட்டி வந்துருச்சா? இன்னும் நெறய இருக்கு. கேக்குறியா, தூங்கப் போறியா? சரி.

இப்பத்தான் என் அறிவு வேலை செஞ்ச எடத்தைச் சொல்லப் போறேன். ஒரு நாள் ரஞ்சனி அந்த ரூம்ல இருந்து வெளிய வந்தா. வெங்காயக் கூடை ஒண்ணு உள்ளயே தங்கிருச்சு, அதை எடுக்கப் போயிருக்கா. அவளுக்கு அது அந்த மூணு நாள்ல ரெண்டாவது நாளு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? எனக்குத் தெரியாம எங்க வீட்ல எது நடக்கும்? சமையக்கட்டுல மாசக் காலண்டர் தொங்குது, மாசா மாசம் நான்தான் செவப்புப் பேனாவுல வட்டம் போடுவேன். அவகிட்டக் கேட்டுக் கேட்டுத்தான். தப்பா நெனைக்காத. ரெண்டு வருசம் ஆச்சு, ஒரு மாசமாவது வட்டம் போட வேலையில்லாமப் போகாதான்னு ஒரு ஆசை. ஆசைதான் தாயி. வேற என்ன?

நான் அந்தக் காலத்து மாமியார் இல்ல, கேட்டுக்க. மருமகளை ஒதுக்கி வைக்கிறது, தனித் தட்டு, தனிப் பாய், அதெல்லாம் எங்க வீட்ல கெடையாது. சமையக்கட்டுக்கும் சாமி ரூமுக்கும் மட்டும் வராத, பின்வாசல்ல உக்காந்துக்க, நல்லாக் காத்து வரும்னு சொல்லுவேன். அவ்வளவுதான். காத்துக்காகத்தான் சொன்னேன்.

அந்தக் கூடையோட அவளைப் பாத்ததும் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. இதுதான்! இதைத்தான் மேடம் சொல்லியிருக்காங்க! சுத்தமில்லாம உள்ள போகாதீங்கன்னு ஏழெட்டுத் தடவ சொன்னாங்களே! ஊறுகாய் ஜாடியையே தொடக் கூடாதும்பாங்க, இது அதைவிடப் பொல்லாத சரக்காச்சே! அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் பட்டறையில இருந்து ஒரு பூட்டுக் கொண்டாரச் சொன்னேன். நல்ல கனத்த பித்தளைப் பூட்டு. சாவி என் இடுப்புல. தமிழ்நாட்டுலயே காளானுக்குப் பூட்டுப் போட்ட பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். நாலு நாள் கழிச்சு வீட்டுக்காரரு சொன்னாரு: "பூட்டு நல்லாத்தான் வேலை செய்யுது தவமணி. உள்ள இருந்து ஒரு காளான்கூட வெளிய வரல."

அதோட விட்டுருந்தா நான் ஏன் இந்தப் பஸ்ல உக்காந்துருக்கப் போறேன்? மார்கழி மொத வாரம் ஞாயித்துக்கெழமை, குழுத் தலைவி குருவம்மா நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. தவமணி காளான் போடுறாளாமே, பாத்துட்டுப் போவோம்னு. நான் வேற தெரு பூரா சொல்லி வச்சிருந்தேன். ரூமைத் தெறந்து காட்டுனேன். பன்னெண்டு பை தொங்குது, பன்னெண்டுலயும் மஞ்சக் கலர்ல வைக்கோல். ஒண்ணுலயும் உசுரு இல்ல. குருவம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்னக்கா, சாம்பார் வச்சு ஊத்துன மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. அந்நேரம் ரஞ்சனி அஞ்சு டம்ளர் காப்பியோட உள்ள வாரா.

மானம் போற நேரத்துல மனுசிக்கு வாய் எங்க நிக்கும்? "நான் என்ன செய்ய, வீட்ல சுத்தம் பத்தல, அந்த மூணு நாள்ல உள்ள போயித் தொட்டா எப்படி வரும்"னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ரஞ்சனி தட்டைக் கீழ வச்சா. ஒரு சொட்டுச் சிந்தல. "அத்தை, காளானுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாது"ன்னா. அந்த அஞ்சு பொம்பளைங்களும் தரையைப் பாத்தாங்க. அவ ரூமுக்குப் போயிட்டா. மறுநா காலையில கதிரேசன் அவளை வண்டியில கூட்டிட்டுப் போயி அம்மா வீட்ல விட்டுட்டு வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. டவர்ல ஏறுற பய, வீட்டுக்குள்ளயும் டவர் மேல உக்காந்துருக்க மாதிரியே இருந்தான். எது கேட்டாலும் எட்டாது.

நான் என்ன செஞ்சேன்? நல்லதாப் போச்சு, இனிமே சுத்தத்துக்குக் கொறையில்லன்னு மூணாந்தடவ ஆறு பை போட்டேன். சிரிக்கிற? சிரி. எனக்கே இப்ப சிரிப்புத்தான் வருது. வீட்ல இப்ப நான் ஒருத்திதான் பொம்பள. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் முடிஞ்சு அஞ்சு வருசம் ஆச்சு. தீட்டுன்னு சொல்ல வீட்ல நாதியே இல்ல. சாவியும் எங்கிட்ட. அப்பவாவது வரணும்ல? வரல. அந்தச் சோளம் அப்படியே மொறச்சுப் பாத்துக்கிட்டுக் குந்தியிருந்துச்சு. ஒரு ரெண்டு நாள் வீட்டுக்காரரு பீடிதான் காரணம்னு அவர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். அவரு, "நான் தெருமுக்குல நின்னுல்ல குடிக்கிறேன்"ன்னாரு. அதுக்கு மேல குத்தம் சொல்ல வீட்ல ஆள் இல்ல. மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். அது அப்பத் தோணல பாரு.

தேவதானப்பட்டிக்கு மூணு தடவ போன் போட்டேன். மூணு தடவையும் அவ அம்மாதான் எடுத்தாங்க. மூணு தடவையும் ரஞ்சனி கோயிலுக்குப் போயிருந்தா. அந்த ஊர்ல அத்தனை கோயிலா இருக்கு?

போகி வந்துச்சு. பொங்கலுக்கு மருமக இல்லாத வீடு எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். பழசு கழிக்கணும்ல, பின்னாடி வெந்நி போடுற சாய்ப்பைக் கூட்டப் போனேன். குளிக்கிற எடத்தை ஒட்டுன தகரச் சாய்ப்பு. வெறகு, ஒடஞ்ச வாளி, ஓட்டைக் கூடை எல்லாம் அங்கதான் கெடக்கும். தண்ணி ஓடுற எடம், எப்பவும் நசநசன்னு ஈரம். ஓரத்துல பழைய சாக்கு ஒண்ணு தொங்குச்சு. அதை இழுத்தேன்.

சாக்குக்குப் பின்னாடி ஒரு பை. பை பூரா வெள்ளை வெளேர்னு பஞ்சு. ஓட்டை ஓட்டையா, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொத்துக் கொத்தாக் காளான். உள்ளங்கை அகலம். நான் மூணு மாசமா மஞ்சளும் சாம்பிராணியுமா தவங்கெடந்தும் வராத காளான், சாக்கடைப் பக்கத்துல, வாளிக்கு மேல, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. நான் அப்படியே வெறகு மேல உக்காந்துட்டேன்.

பை மேல பேனாவுல தேதி எழுதியிருந்துச்சு. 17. கீழ 12. ரஞ்சனி கையெழுத்து. அந்த ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுவா, வேற யாரும் அப்படி எழுத மாட்டாங்க.

எந்திரிச்சு உள்ள போனேன். பழைய காலண்டரை இன்னும் கழட்டல. டிசம்பர் பதினேழு. பதினாறு, பதினேழு, பதினெட்டு, மூணையும் சேத்து செவப்புப் பேனாவுல வட்டம். நான் போட்ட வட்டம். அழிக்கவும் முடியாது, இல்லைன்னு சொல்லவும் முடியாது.

புரிஞ்சுச்சா தாயி? நான் அவளைப் பின்வாசல்ல உக்காரு, காத்து வரும்னு அனுப்புன நாளு. நான் பூட்டுப் போட்ட நாளும் அதேதான். அங்க சும்மா உக்காந்துருந்த புள்ள, கெடந்த வைக்கோலை வெந்நி அடுப்புலயே வேக வச்சிருக்கா. மிச்சம் கெடந்த வித்துப் பாக்கெட்டை எடுத்துருக்கா. தன் கையால ஒரு பை போட்டு, சாக்கை நனைச்சுத் தொங்க விட்டுருக்கா. எங்கிட்டச் சொல்லல. எப்படிச் சொல்லுவா? அதுக்கு அப்பறம் நாங்க தெனம் குளிக்கிற தண்ணி தெறிச்சுத் தெறிச்சே அது பொழச்சுருக்கு.

அப்பவும் இந்த மரமண்டைக்கு விளங்கல. நசீமா மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், அசுத்தத்துல வந்துருக்கு, சுத்தத்துல வரலையே, என்ன மேடம் இது"ன்னு கேட்டேன். அவங்க பொறுமையா, நீங்க என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். மஞ்சள்னு வந்ததும், "எவ்வளவு?"ன்னாங்க. "மொதத் தடவ ரெண்டு கைப்பிடி, அடுத்து நாலு, மூணாவது கணக்கில்ல மேடம்"னேன், பெருமையா. அப்பறம் மெதுவா, "அம்மா, காளானே ஒரு பூஞ்சைதாம்மா. புண்ணுல மஞ்சள் எதுக்கு வைக்கிறோம்? கிருமி, பூஞ்சை வரக் கூடாதுன்னுதான? நீங்க ஒரு கையால வெதைச்சு இன்னொரு கையால மருந்து வச்சுக் கொன்னுருக்கீங்க"ன்னாங்க. "நான் சொன்ன சுத்தம் சோப்பும்மா. வேற எதையும் நான் சொல்லல"ன்னாங்க. நான் வேற எதையும் அவங்ககிட்டச் சொல்லவே இல்ல, இருந்தாலும் அவங்களுக்குப் புரிஞ்சுருச்சு போல.

அன்னைக்கு அதைப் பறிச்சு மொளகு போட்டு வறுத்தேன். வீட்டுக்காரரு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. கதிரேசனும் சாப்பிட்டான். "நல்லாருக்கும்மா"ன்னான். இருபது நாளைக்கு அப்பறம் அவன் வாயில இருந்து வந்த மொத வார்த்தை. நான் பேசாம இருந்துருக்கலாம். "ரஞ்சனி போட்ட பைடா"ன்னேன். கையை ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். தட்டுல பாதி அப்படியே கெடந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு, "நான் போயிக் கூப்பிட்டா அவ வர மாட்டா. வர வேண்டிய ஆளு வரணும்"னான். வர வேண்டிய ஆளு இந்தா, உன் பக்கத்துல உக்காந்துருக்கா.

இது வத்தலக்குண்டுதான? டீ வேணுமா? வேணாமா. சரி, வண்டி கெளம்புது. இனிமே கொஞ்ச நேரந்தான்.

இந்தப் பையில இருக்கது ரெண்டாவது வெடிப்பு. ஒரு தடவ பறிச்சா பத்து நாள்ல மறுபடி வரும். இந்தத் தடவ நான் தொட்டேன், சோப்புப் போட்டுக் கைகழுவிட்டுத் தண்ணி மட்டும் தெளிச்சேன். வேற ஒண்ணும் செய்யல. செய்யாம இருக்கதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. மஞ்சள் டப்பாவை வீட்டுக்காரர்கிட்டக் குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன்னா பாத்துக்க. வெங்காய ரூம்ல வெங்காயம்தான் கெடக்கு. அந்தப் பூட்டைக் கழட்டிப் பட்டறைக்கே திருப்பிக் குடுத்துட்டேன். சர்ட்டிபிகேட்டைக் கழட்டல. அது கெடக்கட்டும், அதைப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஒரு பயம் வருது, நல்லதுதான்.

ஏம்மா, நீ எதுவுமே பேச மாட்டேங்குற. என்னைப் பத்தி என்ன நெனைக்கிற? சொல்ல வேணாம். எனக்கே தெரியும்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு, என்ன சொல்ல? மன்னிச்சுருன்னு எல்லாம் எனக்குச் சொல்லி வழக்கமில்ல. நாலு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்குறேன். வாய் அந்த எடத்துக்கு வந்ததும், "இந்தா காளான், கொழம்பு வையி"ன்னு திரும்பிருது. அவளும் கையில வாங்கிக்கிட்டு, "சரிங்க அத்தை, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு மரியாதையாத் திருப்பி அனுப்பிருவா. அவ அப்படித்தான். அப்ப நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு, மூணு பேரு இருக்க வீட்டுக்கே திரும்பணும்.

உனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தப் பொம்பளைங்க முன்னாடி, அவ்வளவுதான் சொன்னேன்னு சொன்னேன்ல? அது பொய். அவ, காளானுக்குக் காலண்டர் தெரியாதுன்னு சொல்லிட்டுத் திரும்புறப்ப, பின்னாடியே நான் இன்னொண்ணு சொன்னேன். "இவ கை பட்டு இந்த வீட்ல எதுதான் தங்குச்சு"ன்னேன். காளானைத்தான் சொன்னேன், காளானைத்தான் சொன்னேன்னு வீட்டுக்காரர்கிட்ட ஒரு மாசமா சத்தியம் பண்ணிக்கிட்டு இருக்கேன். காளானை மட்டும் சொல்லல தாயி. அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். ரஞ்சனிக்கும் தெரியும். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னா. திரும்பிப் பாக்கல. எனக்கு அவ முதுகு மட்டும்தான் தெரிஞ்சுச்சு.

அவ கை பட்டுத்தான் தங்குச்சு. இதைத்தான் சொல்லணும். இப்ப உங்கிட்டச் சொல்ல வந்துருச்சு பாரு. முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட எம்புட்டு லேசா வருது!

இரு. இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிட்டே எறங்குறேன். நீ குங்குமம் வேணாம்னதும் நான் இந்தப் பையைத் தூக்கி இந்தப் பக்கம் வச்சேன்ல? வெயிலுன்னேன். வெயிலு இல்ல. நீயும் பாத்த. பாத்துட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்ட. நான் பாக்கலைன்னு நெனைக்காத. இம்புட்டும் பட்டு, போன்ல மேடம்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, ஒரு மாசம் மகன் பேச்சில்லாமக் கெடந்து, அதே மருமககிட்ட மன்னிப்புக் கேக்கப் போற வழியிலயே இந்தக் கை தன்னால அந்த வேலையைச் செய்யுது பாரு. என் கையைத்தான் பூட்டணும்.

இந்தா. மடியை விரி. உன் மடியிலயே வச்சுக்க. ஐயோ, பரவால்லன்னு சொல்லாத, பிடி. பை வாயைத் தெற. உனக்கு ஒரு கொத்து எடுத்துக்க. பேப்பர் எல்லாம் வேணாம், கையால எடு. இன்னும் பெருசா எடு. அதோ அந்தக் கொத்து, நடுவுல இருக்கு பாரு, அதுதான் இருக்கதுலயே நல்லது. மெதுவா, காம்பைப் பிடிச்சு. ஆங். எப்படி இருக்கு, மெத்துன்னு இருக்குல்ல? வீட்டுக்குப் போயி மொளகு போட்டு வறு. மஞ்சள் போடாத. சமைக்கும்போது போட்டா ஒண்ணும் ஆகாதுதான், இருந்தாலும் எனக்காகப் போடாத.

கண்டக்டர் தம்பி! தேவதானப்பட்டி! எறங்கணும், கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுப்பா! வயசான பொம்பள, பஸ்ஸை விட்டுக் குதிக்கவா முடியும்?

பை உங்கிட்டயே இருக்கட்டும் தாயி. நான் கீழ எறங்கி ஜன்னலுக்கு வாரேன்... தள்ளுப்பா, வழி விடு... ஆங், வந்துட்டேன், இங்க, இங்க. குடு. ஒத்தைக் கையால வேணாம், சாஞ்சுரும். ரெண்டு கையையும் வச்சு, நல்லாப் பிடிச்சுக் குடு.